அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

திருப்பூருக்கு வந்த எட்டாவது நாளே நான் ‘ஆமாங்க’ சொல்லப் பழகிவிட்டேன். என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த அக்கா, ஆறு மாதம் கழித்தும் ‘ஆமா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் வேலை தேடிக் கிளம்பினோம். எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, பனையும் உப்பளமும் மட்டும் உள்ள கடற்கரை. அக்கா உப்பளத்தில் வேலை பார்த்தவள். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தேன். இங்கிலீஷ் பேச வரும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அக்கா மூன்றே மாதத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைக்கக் கற்றுக்கொண்டாள். நான் செக்கிங்கில் நின்று, தைத்து வரும் பனியன்களில் பிசிறு நூலை வெட்டினேன்.

நான் பிசிறு வெட்டியது கொஞ்சம். வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். செக்கிங் சூப்பர்வைசருக்குத் தன்னை யாரும் எதிர்த்துப் பார்க்கக் கூடாது. அவரிடம் தலையைக் குனிந்துகொண்டேன். பேக்கிங்கில் இருந்த அம்மாளுக்குத் தன் மருமகளைப் பற்றிக் குறை கேட்க ஆள் வேண்டும். அவரிடம் ‘அப்படியாங்க, அதெப்படிங்க’ என்றேன். மதுரைக்காரப் பெண்களிடம் மதுரைப் பேச்சு வந்தது. இதையெல்லாம் நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் என் குரல் தானாகவே இறங்கும். அப்போது அதை நல்ல குணம் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு ஒரே குரல், ஒரே முகம். மனதில் என்ன இருக்கிறதோ அது முகத்தில் அப்படியே எழுதியிருக்கும். ஒரு நாள் குடிதண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, நேராக லைன் சூப்பர்வைசரின் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

“இந்தத் தண்ணி நாறுது. நீங்க குடிப்பீயளா?”

அவர் குடிக்கவில்லை. அக்கா தைக்கும் துணியில் ஆறு மாதத்தில் ஒரு குறை கண்டுபிடித்தவர் கிடையாது. ஆனால் லைனுக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டபோது, அக்காவிடம் தையல் பழகிய ஒரு பெண்ணுக்குத்தான் அந்த இடம் போனது. “அவ மரியாதையாப் பேசுவா” என்று காரணம் சொன்னார்கள்.

என்னை மேலே தூக்கிவிட்டது ஒரு சிரிப்பு. எங்கள் பனியன்களை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார். கூடவே முதலாளியும் வந்தார். பையர் ஏதாவது சொன்னால், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி சிரித்தார். இரண்டு மூன்று தடவை நான் அதைக் கவனித்தேன். பையர் என் மேஜை அருகில் நின்று, இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். எங்கள் முதலாளி எங்களைவிட அதிகம் பிசிறு நூலைக் கண்டுபிடிப்பார் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தேன். பையர் சிரித்தார். பிறகு முதலாளி சிரித்தார். அவர் சிரித்து முடித்த பிறகு நான் சிரித்தேன். மறு வாரம் என்னை ஆபீசுக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளில் வெல்ஃபேர் ஆபீசர் ஆனேன். தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கிக்கொண்டேன்.

முதலாளி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். முருக பக்தர். வெள்ளிக்கிழமைதோறும் அவர் மனைவி ஆபீசுக்கு வந்து படங்களுக்குப் பூப்போட்டு எல்லோருக்கும் திருநீறு கொடுப்பார். நான் கிறிஸ்தவப் பெண் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனுஷி. இருந்தும் நான் சொல்லவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே நெற்றியைக் காட்டினேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். ஒரு தடவை அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“பூசுனா பூசிக்கிட்டுப் போ. அது சாமி காரியம். துடைக்கியே, அதுதான் அசிங்கமா இருக்கு” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அக்கா வேறொன்றையும் பார்த்திருக்கலாம். அதை அவள் கேட்கவில்லை. ஆபீசில் யாரிடமும் அவள் என் பெரியம்மா மகள் என்று நான் சொன்னதில்லை. யாராவது கேட்டால் “ஒரே ஊருங்க” என்பேன்.

என் உத்தியோகத்தில் பெரிய வேலை ஆடிட். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அவர்கள் வரும் தேதி எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அன்றைக்குக் கழிப்பறைகளில் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும். குழாய்க்குக் குழாய் புது சோப்பு இருக்கும். மறுநாள் காலை அந்தச் சோப்புகளை ஈரத்தோடு சேகரித்து, காயவைத்து, டப்பாவில் போட்டு என் பீரோவில் பூட்டிவைப்பார்கள். அடுத்த ஆடிட்டுக்கு ஆகும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் முகம் தெரியாத நூறு பேர் கை கழுவிய வாசனை வரும்.

கட்டிங் பிரிவில் தூசிக்கு மாஸ்க் கொடுத்தோம். எல்லாம் அன்று காலை உறை பிரித்தவை. அந்த வெள்ளை கண்ணில் குத்தியது. நான் அவற்றை ஒரு சாக்கில் போட்டு, தரையில் கிடந்த பஞ்சுத் தூசியில் புரட்டி, நாடாக்களைக் கசக்கி, பிறகு கொடுத்தேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. என் சொந்த யோசனை. தயிர்சாதம் பிசைவது போல அந்த மாஸ்க்குகளைப் இரண்டு கையாலும் பிசைந்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் நானே பழக்கினேன். சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்து, நான் ஆடிட்டர் போலக் கேட்பேன். கொங்குப் பெண்களிடம் “ஏனுங்க, இங்க யாராச்சும் உங்களைத் திட்டுவாங்களா?” என்பேன். தெற்கத்திப் பெண்களிடம் அவர்கள் பேச்சில் கேட்பேன். ஒடிசாக்காரர்களிடம் அரைகுறை ஹிந்தி. வார்த்தையோடு விடவில்லை. “ஒடனே பதில் சொல்லாதீங்க, ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் யோசிச்ச மாதிரி மேல பாருங்க” என்று முகத்தையும் திருத்தினேன்.

மிகவும் பழக்க வேண்டியிருந்தது கழிப்பறைக் கேள்விக்குத்தான். முப்பது பேர் இருக்கும் ஒரு லைனுக்கு இரண்டே டோக்கன். சூப்பர்வைசரின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் கையகலப் பிளாஸ்டிக் தகடுகள் அவை. அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பிவந்து மாட்டும்வரை அடுத்தவள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். ஆடிட் அன்று ஆணியில் முதலுதவிப் பட்டியல் தொங்கும். “எப்ப வேணும்னாலும் போலாங்க” என்பது பதில்.

அக்காவுக்கு இந்த டோக்கனால் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலாகி, இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே லைன் வீட்டு அறையில் குடியிருந்தோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆடிட்டுக்கு முந்தைய நாள் அவளிடம் சொன்னேன். “யக்கா, ஒனக்கு ஒடம்பு சரியில்லாம இருக்குல்லா. சார்கிட்ட சொல்லி நாளைக்குச் சம்பளத்தோட லீவு வாங்கிருக்கேன். ரெஸ்ட் எடு.”

அவள் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஆடிட்டர் கண்ணில் அந்த முகம் படக் கூடாது என்றுதான் அந்த லீவு. அக்கா மறுநாள் மாதா கோயிலுக்குப் போய் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, நெத்திலிக் கருவாடு போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். “ஆபீசுக்குப் போனாலும் எம்மேல பாசம் விடல பாரு” என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் வழித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த ஆடிட்டுக்கு டெல்லியிலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழ் தெரியாது. கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கு வழியில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. முதலாளி என்னை முன்னே தள்ளினார். அந்த அம்மாள் தயங்கினார். கம்பெனி ஆளை வைத்துக் கேட்பது முறையில்லை என்றார். நானும் உடனே அவர் பக்கம் சேர்ந்து, ஆமாம், அது சரியாக இருக்காது, வேறு யாரையாவது தேடலாம் என்றேன். அப்படிச் சொன்னதால்தான் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வரும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

வருகைப் பதிவேட்டைத் தானே புரட்டி, பெயர்களின் மேல் விரல் வைத்து ஆட்களைக் கூப்பிட்டார். ஐந்து பேர் வந்து, மேலே பார்த்து, யோசித்த மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறாவது பெயர் அக்காவுடையது. இந்தத் தடவை அவளுக்கு லீவு கேட்க எனக்குச் சாக்கு கிடைத்திருக்கவில்லை.

விசாரணை நடந்த சாம்பிள் அறையில் ஏ.சி. ஓடியது. அக்கா முடியெல்லாம் பஞ்சோடு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தான் சொல்வதை ஒரு பெரிய மனுஷியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அவளுக்குச் சொந்தக்காரியே கிடைத்திருக்கிறாள்.

“கழிப்பறைக்கு எப்ப வேணும்னாலும் போக முடியுமானு மேடம் கேக்காங்க” என்றேன்.

“முடியாது” என்றாள் அக்கா. “ரெண்டு டோக்கன்தான். இன்னைக்கு மறைச்சு வச்சிருக்காவ. அடக்கி அடக்கி எனக்கு அடிவயிறு வீங்கிப்போச்சு. ஒண்ணுக்கு இருந்தா நெருப்பா எரியும். ரெண்டு மட்டம் ஆஸ்பத்திரில கெடந்தேன். வீட்டுக்கு விலக்கான நாள்லகூட டோக்கன் கெடைக்காது. அந்தப் பக்கத்து மெஷின் புள்ளைக்குச் சேலையெல்லாம் கறையாகி அழுதுச்சு. இத நீ நல்லா வெவரமாச் சொல்லு.”

கையால் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ஆடிட்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். கழிப்பறைக்குப் போவதில் இவருக்குப் பிரச்சினை இல்லை. போன மாதம் வயிற்று வலி வந்தபோது கம்பெனியே ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துக்கொண்டதாம்.

ஆஸ்பத்திரியை நான் விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கை வயிற்றுக்குப் போனதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்கு ஒரு நொடியில் தோன்றியது. குரல் தடுமாறவில்லை. வயிற்று வலி என்று சொல்லும்போது என் முகத்தில் அளவான ஒரு வருத்தம்கூட வந்தது.

ஆடிட்டர் எழுதிக்கொண்டார்.

அக்கா என்னையும் அந்தப் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அளவு தெரியும். “நான் சொன்னது அவ்வளவு. இங்கிலீஷ்ல இவ்வளவுதானா?” என்றாள்.

என்ன சொல்கிறார் என்று ஆடிட்டர் கேட்டார்.

மெஷினுக்குத் திரும்பிப் போகலாமா என்று கேட்கிறார் என்றேன்.

அந்த அம்மாள் சிரித்து, கை கூப்பி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார். “நன்றி.”

அக்கா எழுந்து போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. நான் எழுந்து சாத்தினேன், ஏ.சி. வீணாகும் என்று.

முதலாளி அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஆடிட்டரின் கார் கிளம்பிய பிறகு என் மேஜைக்கு வந்தார்.

“அந்தப் புள்ள கையை ஆட்டி ஆட்டிப் பேசுச்சு. நீ மூஞ்சி சுளிக்கவே இல்லியே அம்மிணி. என்னதான் சொல்லுச்சு?”

“ஒண்ணுமில்லீங்க சார். ஊர்க்கதை.”

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவளை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார் என்பது நிஜம்தான். அவள் எனக்கு என்ன உறவு என்று அடுத்து ஒரு கேள்வி வந்திருக்கும் என்பதும் நிஜம்.

அன்று சாயங்காலம் அறைக்குப் போனபோது அக்கா சமைத்து முடித்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வசவுக்கு ஏற்ற மாதிரி ஒரு முகத்தையும் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்பிடுங்க” என்றாள்.

பிறந்தது முதல் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டவள். பதினோரு நாள் அந்த ‘ங்க’ தொடர்ந்தது. “தண்ணி புடிச்சாச்சுங்க.” “சாவி மாடத்துல இருக்குங்க.” பன்னிரண்டாம் நாள் தன் பெட்டியையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு, திருப்பூரிலேயே ராயபுரத்தில் ஒரு சிறிய தையல் யூனிட்டுக்குப் போய்விட்டாள். ஸ்டவ்வை எனக்கு விட்டுவைத்தாள்.

அந்த ஆண்டே என்னை ஹெச்.ஆர். மானேஜர் ஆக்கினார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு, மேஜைமேல் என் பெயர்ப் பலகை. என்னைவிட மூத்தவர்கள், நன்றாக வேலை தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் வேலைதான் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் கோயம்புத்தூரில், ஓட்டல் கூடம் ஒன்றில் மானேஜர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு தாள் கொடுத்தார். நம்மைப் பற்றிச் சில வாக்கியங்கள். சரி, தவறு என்று குறிக்க வேண்டும். ஓர் அறைக்குள் நுழைந்ததும் அங்கே எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். பேசும்போது என் குரலை நானே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படி. நான் வேகமாகக் குறித்துக்கொண்டே போனேன். கூட்டிப் பார்த்ததில் அந்தக் கூடத்திலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

சூழ்நிலைக்கு ஏற்றபடி தன்னைக் கவனித்து மாற்றிக்கொள்பவர்கள் சீக்கிரம் மேலே வருவார்கள் என்று பயிற்சியாளர் விளக்கினார். எங்கே போனாலும் ஒரே மாதிரி இருப்பவர்களை நம்பலாம், ஆனால் அவர்களுக்குப் பதவி தாமதமாகத்தான் வரும் என்றார். என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கை தட்டவைத்தார். என் சாமர்த்தியத்துக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னார்.

எனக்கு அந்த ஏ.சி. அறை ஞாபகம் வந்தது. அடிவயிற்றில் வைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது. நான் பையர் சிரித்த கதையைச் சொன்னேன். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து நானும் சிரித்தேன்.

திரும்பி வந்த மாதத்தில் டோக்கனை ஒழித்தேன். நியாயம் பேசியெல்லாம் இல்லை. புது பையருக்கு டோக்கன் என்ற வார்த்தையே பிடிக்காதாம், பக்கத்துக் கம்பெனியில் இதற்காகவே ஆர்டரை நிறுத்திவிட்டார்களாம் என்று முதலாளியிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கவலையாக இருப்பது போல நெற்றியைத் தேய்த்துக்கொண்டேன். “எடுத்துப் போட்ரு அம்மிணி” என்றார். தையல் பெண்கள் கும்பலாக என் அறைக்கு வந்து நன்றி சொன்னார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். நல்ல காரியம்தான். ஆனால் குனிந்த தலைக்குள், இந்தக் குனிவு சரியாக இருக்கிறதா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எங்கே துப்புவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ராயபுரத்துக்குப் போனேன். அக்கா ஒரு வீட்டின் பின்கட்டில் தனி அறையில் இருந்தாள். உடம்பு தேறியிருந்தாள். அங்கே பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, டோக்கன் கிடையாது, கேட்க வேண்டியதும் இல்லை என்றாள். என்னை ‘ங்க’ போட்டுப் பேசவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். லீவு கொடுத்தது எதற்கு என்று சொன்னேன். அன்று இங்கிலீஷில் என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். டோக்கனை எடுத்ததைக் கடைசியில் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது.

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீ இப்பம் அழுதியா, அழுத மாதிரி இருக்கியா? எனக்குத் தெரியல.”

அதில் கோபம் இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னாள், அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து துடைக்கிறேன் என்பதைக்கூட நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

“இரு, காப்பி போடுதேன்” என்று எழுந்தாள்.

காப்பி வந்தது. ஒரு மடக்குக் குடித்து, “நல்லாருக்குக்கா” என்றேன். குடித்து முடித்தேன். அக்கா தன் தம்ளரை மெதுவாக எடுத்து வாயில் வைத்தாள். முகம் கோணியது. எழுந்து முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள்.

“சீனியே போடல, மறந்துட்டேன்” என்றாள்.

டப்பாவைத் திறந்து தன் தம்ளரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். என் தம்ளர் காலியாக இருந்தது.